முனியாண்டிக்கு எதற்கு மாத்திரை

குடியை விட்டவர்களுக்கு மாலை போட்டுக் கௌரவிப்பது என்று தோட்டத்துக் கோவில் கமிட்டி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்ட பிறகுதான் ஆள் தேடினார்கள். ஒருவன்தான் கிடைத்தான்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சிங்காரம். கங்காணி, கோவில் தலைவர், மதுவிலக்குக் குழு அமைப்பாளர். இந்த மூன்றையும் ஒலிபெருக்கியில் தம் வாயாலேயே சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. மதுவிலக்கு என்றால் சம்சு என்கிற மலிவுச் சாராயத்துக்கு மட்டும்தான் விலக்கு என்பது அவர் கொள்கை. கறுப்பு பீர் அதில் சேராது. பிள்ளை பெற்ற பெண்கள் உடம்பு தேறக் குடிக்கிற டானிக் அது என்பார். பிள்ளை பெறாமலே அந்த டானிக்கைத் தவறாமல் குடித்துவந்தார்.

விழா பெரட்டுக்களத்தில் நடந்தது. தினமும் விடியலில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடும் அதே களம்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் துணி விரித்து, அதை மேடை என்றார்கள். மலையிலிருந்து இறங்கிய பனி எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பாதி மறைத்துவிட்டது. கூட்டம் அதிகமா குறைவா என்று தெரியாத நிலையில் சிங்காரம் அதிகம் என்றே வைத்துக்கொண்டு பேசினார்.

கிடைத்த அந்த ஒருவன் சின்னக்கருப்பன். தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிறவன். கோலா தெர்லா பூந்தோட்டத்திலிருந்து வந்த செவ்வந்தி மாலை பனியில் நனைந்து கனத்துக் கழுத்தில் தொங்க, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றான். பக்கத்தில் யாரோ காதோடு பேசுவதைக் கேட்கிறவன் நிற்கிற மாதிரி. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி நவமணி அந்தச் சாய்வைப் பார்த்தாள். கையிலிருந்த கற்பூரத்தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீயும் ரெண்டு வார்த்த பேசுலா," என்று சிங்காரம் மைக்கை நீட்டினார்.

"பேசுறேன் கங்காணியாரே," என்றான் சின்னக்கருப்பன். "மொதல்ல அவரு பேசி முடிக்கட்டும்."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. தலைவரின் பேச்சு நீளத்தை இவ்வளவு பக்குவமாக யாரும் சொன்னதில்லை. சிங்காரம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசினார்.

அவன் சொன்ன அவர் சிங்காரம் இல்லை என்பது நவமணி ஒருத்திக்குத்தான் தெரியும். போய்விட்டிருந்த அவரைத் திரும்ப வரவிட்டது யார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சின்னக்கருப்பனின் கவாத்துக் கத்தி பட்ட செடி மேசைப் பலகை மாதிரி மட்டமாக நிற்கும். அது பகலில். வேலை முடிந்தால் நேராக முச்சந்திக் கடை. சம்சு சின்னச் சின்னப் பாட்டிலில் வரும். லேபிளில் இருக்கும் மிருகம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், உள்ளே இருப்பது மாறாது. வழியிலுள்ள கால்வாயில் அவன் விழாத மாதம் இல்லை. நவமணியும் பக்கத்து வீட்டு வேலாயியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வருவார்கள். வேலாயியின் வீட்டுக்காரனும் அதே கால்வாயில் விழுகிறவன்தான். அவனை இழுக்க நவமணி போவாள். அந்த லயத்து வரிசை வீடுகளில் அது ஒரு கொடுக்கல் வாங்கல்.

கம்போங் ராஜாவில் கட்டிக்கொடுத்த மகள் திலகம்தான் வருவதில்லை. குடிகாரன் வீட்டுப் படியைப் பேரப்பிள்ளை மிதிக்கக் கூடாது என்று சம்பந்தியம்மாள் சொல்லிவிட்டார்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு வலிப்பு வந்து டவுன் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் அனுப்பிவிட்டு, இனி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் புதன்கிழமை வந்து மருந்து வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். ஈப்போவிலிருந்து குடிக்கு வைத்தியம் பார்க்க ஒரு டாக்டர் வருவார். கண்ணாடி போட்ட இளவயதுச் சீனத்தி. கோலா தெர்லாவிலிருந்து கோஸ் ஏற்றி வரும் லாரியைக் கையைக் காட்டி நிறுத்தி, முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் போவார்கள். துணைக்குத் தோட்டத்து டிரசர் சிவசாமி வருவார். ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் படித்தவர். கழுத்தில் டையும் சட்டைப் பையில் பேனாவும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குள் நுழையமாட்டார்.

டாக்டர் முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார். எவ்வளவு குடிக்கிறாய் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். எதற்குக் குடிக்கிறாய் என்று அவர்தான் கேட்டார். சிவசாமி அதைத் தமிழில் சொன்னதும் சின்னக்கருப்பன் தலையை நிமிர்த்தினான்.

"அவன் வாய அடைக்கிறதுக்கு," என்றான்.

"எவன்?" என்று கேட்டார் சிவசாமி.

"பேர் கூப்பிடுறவன். பெரட்டுல கூப்பிடுற மாதிரி கூப்பிடுவான். அந்தப் பெரட்டுல என் பேர் மட்டும்தான். கூப்பிட்டு, நான் செஞ்சது, செய்யாதது எல்லாத்தயும் சொல்லுவான். எதுக்குடா இருக்கன்னு கேப்பான். டேம் தண்ணிக்குள்ள போ, போன்னுவான். கொமரனா இருக்கச்சயே வந்துட்டான். சம்சு உள்ள போனா கொஞ்சம் சத்தம் கொறையும்."

நவமணி அவனோடு குடும்பம் நடத்தத் தொடங்கி மகளுக்கே கல்யாணமாகிவிட்டது. இதை அன்றுதான் கேட்கிறாள்.

டாக்டர் இரண்டு வகை மாத்திரைகளை மேசைமேல் வைத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். இடையில் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நவமணியின் முகத்தைப் பார்த்துத் தலையைப் பலமாக ஆட்டினார். முடிந்ததும் சிவசாமி டையை இழுத்துவிட்டுக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"வெள்ள மாத்திர குடிக்கு. மஞ்ச மாத்திர மண்டைக்கு. ரெண்டயும் நிறுத்தாத. குடிச்சா வாந்தி வரும்."

"அம்புட்டு நேரம் பேசுனாங்களே ஐயா. இவ்வளவுதானா?"

"மத்ததெல்லாம் மெடிக்கல். ஒனக்குத் தேவப்படாது."

மருந்து கேட்டது. விடியலில் அடுப்படியில் உட்கார்ந்து சின்னக்கருப்பன் கையை நீட்டுவான், கோவிலில் தீர்த்தத்துக்கு நீட்டுகிற மாதிரி. நவமணி ஒரு வெள்ளையும் ஒரு மஞ்சளும் வைப்பாள். வாயில் போட்டுச் சுடச்சுடக் கோப்பியைக் குடிப்பான். ஒரு மாதம் போனதும் பேர் கூப்பிடுகிறவன் வாயை மூடிக்கொண்டான். முச்சந்திக் கடை வழியாகவே, உள்ளே நுழையாமல், சின்னக்கருப்பன் வீட்டுக்கு வந்து, நெத்திலிச் சம்பலும் சோறும் தின்று, நிம்மதியாகத் தூங்கினான். தூக்கத்தில் அவன் சிரித்ததை நவமணி பார்த்தாள்.

தூக்கம்தான் தொந்தரவாகிப் போனது. மஞ்சள் மாத்திரை பகலிலும் அவனை விடவில்லை. கையில் நடுக்கம் வந்தது. கவாத்து சமயம். மேட்டு மலையில் சரிவில் நின்று வெட்டும்போது கத்தி நழுவிக் கணுக்காலைக் கிழித்தது. அவன் வெட்டிய செடிகள் ஒன்று உயரமாகவும் ஒன்று பள்ளமாகவும் நின்றன. சிங்காரம் அவற்றைப் பார்த்துவிட்டு வந்து பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"ஒனக்கு இன்னைக்குப் பேர் இல்ல, கூலி இல்ல. போய்ப் படுத்துத் தூங்கு."

அன்று சாயங்காலம் பொதுக்குழாயில் வேலாயி குடத்தை வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏன் நவமணி, ஒங்க வூட்டுக்காரு மஞ்ச மாத்திர திங்கிறாராமே?"

"யாரு சொன்னா?"

"டிரசர் ஐயா எங்க வூட்டுக்காருகிட்ட சொன்னாராம். அது குடிக்குக் குடுக்குறது இல்லயாம்லா. தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரில கம்பிக்குள்ள வச்சிருக்காங்க பாரு, அவங்களுக்குக் குடுக்குறதாம்."

"ஒம் புருசன் அங்க போய்ப் பாத்துட்டு வந்தானா?"

"கோவிச்சிக்காத. கேட்டததான் சொன்னேன்."

குடிகாரன் பெண்டாட்டி என்று சொல்லும்போது நவமணி தலைகுனிந்ததில்லை. லயத்தில் பாதிப் பேருக்கு அதே பட்டம்தான். பைத்தியக்காரன் பெண்டாட்டி என்றால் அவள் ஒருத்திதான். குடம் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றாள்.

மறுநாள் விடியலில் அவன் கையை நீட்டியபோது வெள்ளையை மட்டும் வைத்தாள். கவாத்து முடிகிறவரைக்கும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சின்னக்கருப்பன் உள்ளங்கையை ஒரு கணம் பார்த்தான். அப்புறம் வாயில் போட்டுக் கோப்பியைக் குடித்தான். மஞ்சளை அவள் அடுப்புக்குப் பின்னாலிருந்த மைலோ டின்னில் போட்டாள். தூக்கி எறிய மனசு வரவில்லை. எறியாத வரைக்கும் நிறுத்தியதாகாது என்று ஒரு நினைப்பு.

கை நடுக்கம் நின்றது. செடிகள் மறுபடி மட்டமாயின. சிங்காரமே மெச்சினார். அந்த மெச்சுதலில்தான் மாலை போடும் யோசனை அவருக்கு வந்தது. மாலை போட்ட அன்று தலை சாய்ந்தது.

மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே நவமணி முடிவுசெய்துவிட்டாள். கவாத்து இன்னும் ஒரு மலைதான் பாக்கி. முடிந்ததும் மஞ்சளைக் கொடுத்துவிட வேண்டும்.

அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

தோட்டத்து எல்லையில், காடு தொடங்குகிற இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே முனியாண்டி இருந்தார். ஒரு கல், ஒரு வேல், காலடியில் சுருட்டு, பக்கத்தில் சம்சு. தோட்டத்தில் மதுவிலக்குக் குழுவில் சேராதவர் அவர் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் அங்கே பூசை நடக்கும். சிங்காரம் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தபோது, சின்னக்கருப்பன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான்.

"கூப்பிடாத. நான் வரமாட்டேன். கூரை விழட்டும், ஓட்டை விழட்டும், நான் வரமாட்டேன்."

உடுக்கை நின்றது. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். குடியை விட்டவன், மாலை போட்டுக்கொண்டவன், சுத்தமான உடம்பு. யாரோ, "சாமி வந்துருச்சு," என்றார்கள். சிங்காரம் விபூதியை அள்ளி அவன் நெற்றியில் அப்பினார்.

அந்த வாரம் காற்றோடு மழை பெய்தது. அந்தத் தோட்டத்தில் எந்தக் காற்றுக்கும் ஏதாவது ஒரு தகரம் பறக்கும். அந்தக் காற்றுக்குப் பறந்தது சிங்காரத்தின் குளியலறைத் தகரம். அவர் உள்ளே இருக்கும்போது பறந்தது. தலைவர் சோப்பு நுரையோடு வானத்தைப் பார்த்து நின்றதாக லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

"கூரை விழும்னு அன்னைக்கே சொன்னாரே," என்று சிங்காரமே ஊர் முழுக்கச் சொன்னார். அவமானத்தை அதிசயமாக மாற்ற அவருக்கு வேறு வழி இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் வந்தது. அதற்கடுத்த வெள்ளி பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தார்கள். லெம்பா பெர்த்தாமில் காய்கறி போடுகிறவர்கள் முள்ளங்கியும் சௌசௌவும் கொண்டுவந்து காலடியில் கொட்டினார்கள். சின்னக்கருப்பன் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதுக்குள் வருவதற்குப் பதில் சொல்வான். அந்தப் பதில்தான் வாக்கு.

டிரசர் சிவசாமியும் வந்தார். டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, குளிர் குறைவான கீழ்த் தோட்டத்துக்கு மாற்றல் கிடைக்குமா என்று கேட்டார். சின்னக்கருப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, "போ போங்குறான். எப்பப் பாத்தாலும் போ போங்குறான்," என்றான். சிவசாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மாற்றல் உறுதி என்று வீட்டில் பெட்டி கட்டினாராம். அந்தப் போ யாரை எங்கே போகச் சொன்னது என்று நவமணிக்குத் தெரியும். அதை டாக்டர் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இங்கிலீஷில் சொன்ன சிவசாமிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நவமணிக்கு முன்வரிசையில் இடம் போட்டார்கள். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போனாள். வேலாயி அவித்த கச்சான் கடலையைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, "யக்கா, சாமிக்குப் பல்லுக்கு இதமா இருக்கட்டும்னு நல்லா வேகவச்சேன்," என்றாள். வேலாயி அவளைவிட மூத்தவள். பொதுக்குழாயில் வரிசை தானாகவே விலகி நவமணியின் குடத்துக்கு வழிவிட்டது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை திலகம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடவே சம்பந்தியம்மாள். தட்டில் பழம், பூ. பேரப்பிள்ளை தாத்தாவின் மீசையைப் பிடித்து இழுத்தது. நவமணி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்தவர்கள் லயத்தில் குறைவு.

கவாத்து எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

கூட்டமில்லாத ஒரு சாயங்காலம் சின்னக்கருப்பன் அடுப்பில் கையைக் காய்ச்சிக்கொண்டே சொன்னான். "இது சாமி இல்ல நவமணி."

"சும்மா இருங்க. யாரு காதுலயாவது விழப்போவுது."

"பழைய ஆளுதான். முனியாண்டி என்னய எதுக்கு டேமுக்குப் போகச் சொல்லணும்?"

"எந்த ஆளா இருந்தா என்னாங்க. கும்புடுறாங்க இல்ல?"

சொன்ன பிறகு அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியவில்லை. நவமணி அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள், அது நன்றாக எரிந்துகொண்டிருந்தும். புதன்கிழமை கிளினிக்கில் டாக்டர் கேட்டபோது, "ஓகே, டொக்டோர்," என்றாள். அவன் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்ததைச் சிவசாமி பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தார். ஆரூடம் சொல்லும் வாயை அடைக்க அவரும் விரும்பவில்லை.

முனியாண்டிக்கு வருஷப் பூசை. நடுப்பகல். அதிசயமாக வெயில் அடித்தது. சேவல் அறுத்துக் குழம்பு கொதித்தது. முதல் படையல் சம்சு. மதுவிலக்குக் குழு அமைப்பாளர் சிங்காரம் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, பித்தளைச் சொம்பில் ஊற்றிச் சின்னக்கருப்பனின் வாயருகே கொண்டுபோனார்.

சின்னக்கருப்பன் முகத்தைத் திருப்பினான். "வேணாம் கங்காணியாரே. நான் விட்டுட்டேன்."

"நீ குடிக்கல சாமி. குடிக்கிறது முனியாண்டி."

நவமணி எழுந்தாள். "கங்காணியாரே, அவரு மாத்திர போட்டிருக்காரு. வெள்ள மாத்திர. குடிச்சா ஆவாதுன்னு சொல்லியிருக்காங்க."

"முனியாண்டிக்கு எதுக்கும்மா மாத்திர?" என்றார் சிங்காரம். கூட்டம் சிரித்தது. வேலாயி அவள் முந்தானையைப் பிடித்து, "ஒக்காருக்கா. சாமி காரியத்துல குறுக்க பேசாத," என்றாள். பக்கத்தில் சம்பந்தியம்மாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நவமணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவர் மேல் இருப்பது சாமி இல்லை, சீக்கு, மருந்தை நிறுத்தியது நான் என்று சொல்லியிருக்கலாம். வாந்திதானே வரும், வந்தால் வரட்டும் என்று நினைத்தாள். உட்கார்ந்தாள்.

சின்னக்கருப்பன் அவள் உட்கார்ந்ததைப் பார்த்தான். பிறகு சொம்பை வாங்கிக் குடித்தான்.

கொஞ்ச நேரத்தில் அவன் முகம் சிவந்தது. சிவப்பு கழுத்துக்கு இறங்கி நெஞ்சுக்குப் பரவியது. கண் பிதுங்கி ரத்தமாகியது. தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கியது.

"உக்கிரம்லா," என்றார் யாரோ. "இந்த வருசம் உக்கிரமா எறங்கியிருக்காரு."

உடுக்கை வேகமெடுத்தது. பெண்கள் குலவையிட்டார்கள். சிங்காரம் உற்சாகமாகி இரண்டாவது சொம்பை ஊற்றினார். சின்னக்கருப்பன் வாந்தியெடுத்து, நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு, கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைத் தேடினான். டாக்டர் நெஞ்சைத் தொட்டுக் காட்டியது நவமணிக்கு அப்போதுதான் புரிந்தது. சிவசாமி மெடிக்கல் என்று சொன்ன பகுதி அது.

அவள் வேலாயியின் கையை உதறிவிட்டு ஓடினாள். சாமி வந்தவனைப் பெண் தொடக் கூடாது. தொட்டாள். கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தாள். உடம்பு நெருப்பாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு வடிந்து சாம்பலாகி, வேர்த்துச் சில்லிட்டது.

"தள்ளும்மா, தீட்டு," என்றார் சிங்காரம்.

"லோரிய எடுக்கச் சொல்லு," என்றாள். நீங்க போய் நீ வந்துவிட்டதை அவரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. லாரி வருவதற்குள் வீட்டுக்கு ஓடி, அடுப்புக்குப் பின்னாலிருந்த மைலோ டின்னை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

கொழுந்து ஏற்றும் லாரியில், பச்சைக் கொழுந்து மூட்டைகளின் மேல் அவனைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். சிங்காரமும் சிவசாமியும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். வளைவுக்கு வளைவு அவன் தலை அவள் மடியில் இப்படியும் அப்படியும் உருண்டது. மூச்சு வரும், நிற்கும், வரும். தோட்டத்து முனியாண்டியைக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. வேறு யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

அது புதன்கிழமையாக இருந்தது அவன் நல்ல காலம். கண்ணாடி போட்ட டாக்டர் இருந்தார். ஊசி, குழாய், முகமூடியில் காற்று. வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர் முகத்தில் கோபம் இருந்தது. சிவசாமியிடம் கேட்டார். சிவசாமி டையைத் தடவிக்கொண்டு சிங்காரத்தைப் பார்த்தார்.

"எப்படிக் குடிச்சான்னு கேக்குறாங்க."

"அவனாவே குடிச்சுட்டான்னு சொல்லுங்க," என்றார் சிங்காரம். "நாங்க எவ்வளவோ தடுத்தோம். மதுவிலக்குக் குழுவே இருக்குன்னும் சொல்லுங்க."

இதைச் சிவசாமி ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். டாக்டர் பெருமூச்சு விட்டு ஏதோ சொன்னார்.

"மருந்து தின்னுக்கிட்டே குடிக்கிறவனுக்கு இனிமே இந்தக் கிளினிக் இல்லயாம். குடியத்தான் விடமாட்டேங்கிறான்னா மாத்திரய எல்லாம் நிறுத்திடுறதாம்."

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால், பேர் கூப்பிடுகிறவனும் அவனும் மட்டும் வீடு திரும்புவார்கள். டேமுக்குத் தோட்டத்திலிருந்து இறக்கமான பாதை. நவமணி சிவசாமியை ஒதுக்கிவிட்டு டாக்டருக்கு நேராகப் போய் நின்றாள். இங்கிலீஷ் தெரியாது. கடைத்தெரு மலாய் தெரியும்.

"டியா தா மினும், டொக்டோர்," என்றாள். "ஓராங் காசி மினும். குனிங் புன்யா உபாட், சாயா தா காசி."

அவராகக் குடிக்கவில்லை, ஆட்கள் குடிக்கக் கொடுத்தார்கள், மஞ்சள் மருந்தை நான் கொடுக்கவில்லை. சொல்லிவிட்டு மடியிலிருந்த மைலோ டின்னை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினாள். உள்ளே மஞ்சள் மாத்திரைகள் அடுப்புக் கரி ஒட்டிக் கிடந்தன. டாக்டர் டின்னுக்குள் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"அபாசால்?" என்று கேட்டார். ஏன் என்று அர்த்தம்.

அதற்கு அவளிடம் மலாய் இருந்தது. ஆனாலும் டின்னைத்தான் இன்னும் முன்னால் நீட்டினாள். சிங்காரம் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அது சீன மொழியில் இருந்தது.

சின்னக்கருப்பன் பிழைத்தான். கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மஞ்சள் மாத்திரையின் அளவைக் குறைத்து, பகலில் தூக்கம் வராத மாதிரி இரவுக்குப் பாதி, காலைக்குப் பாதி என்று டாக்டர் பிரித்துக் கொடுத்தார். அப்படிச் செய்யலாம் என்று முதலிலேயே கேட்டிருக்கலாம் என்பது நவமணிக்கு அப்போது உறைத்தது. கையில் நடுக்கம் என்று ஒரு வார்த்தை. டாக்டர் மேசைக்கு எதிரே எத்தனை புதன்கிழமை உட்கார்ந்து ஓகே சொல்லியிருந்தாள்.

முனியாண்டி அவனை விட்டு இறங்கிவிட்டார் என்று கமிட்டி முடிவுசெய்தது. பெண் தொட்ட தீட்டு என்று காரணமும் எழுதிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் வேறொருவனுக்கு அருள் வரத் தொடங்கியது. சிவசாமி கட்டிய பெட்டியை அவிழ்த்தார். வேலாயி பொதுக்குழாயில், "நவமணி, கொஞ்சம் தள்ளு," என்றாள். திலகத்தின் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் சொல்லியனுப்பினார்கள். எப்போது சரியாகும் என்று சொல்லவில்லை.

அவன் வேலைக்குத் திரும்பும் முதல் நாள். வெளியே பனி கதவுவரை வந்து நின்றது. நவமணி பழைய ரொட்டியை அடுப்பில் சுடப் போட்டு, கோப்பியை ஆற்றி வைத்தாள். அவன் அடுப்படியில் உட்கார்ந்து கையை நீட்டினான். ஒரு வெள்ளை, அரை மஞ்சள் வைத்தாள். அவன் வாயில் போடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மஞ்ச இருக்கு," என்றான்.

"ம்."

"நடுவுல இல்ல."

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "கவாத்து முடியிறவரைக்கும்னுதான் நெனச்சேங்க. அப்பறம்..."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அவன்தான் சொன்னான். ஒம் பொண்டாட்டி மஞ்சள நிறுத்திட்டா, நான் வந்துட்டேன்னான். எவ்வளவோ பொய் சொல்லியிருக்கான். அது ஒன்னு நெசம்."

நவமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ரொட்டி கருகும் வாசனை வந்தது.

"அப்ப ஏன் கேக்கல? குடுடின்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல."

சின்னக்கருப்பன் மாத்திரைகளை வாயில் போட்டுக் கோப்பியைக் குடித்தான். ரொட்டியைத் திருப்பிப் போட்டான்.

"திலகம் புள்ளயத் தூக்கிட்டு வந்துச்சுல்ல," என்றான். "நீ பச்ச சேல கட்டிக்கிட்டு முன்னால ஒக்காந்திருந்த. சிரிச்ச."

அவன் எழுந்து கவாத்துக் கத்தியை எடுத்தான். கதவைத் திறந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். பனிக்குள்ளிருந்து, பெரட்டுக்களத்துப் பக்கமிருந்து, ஒரு குரல் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஒருமுறை. மறுபடி ஒருமுறை.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"ஒனக்குக் கேக்குதா?"

அவளுக்கும் கேட்டது. சிங்காரத்தின் குரல்தான். நேரமாகிவிட்டதென்று சலித்துக்கொண்டு கூப்பிடுகிற குரல்.

"கேக்குது. கங்காணிதான். போங்க."

அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, நம்பி, படியிறங்கிப் பனிக்குள் போனான்.